நான்காம் நிமிடத்தில் நிறுத்தப்பட்ட கிற்றார்

இந்த அஞ்சலி அரங்கின் தலைமைக் கதிரையை அணிசெய்யும் பெரியவர் வீரகத்தி ஐயா அவர்களே! அருகே அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே! வலை இழுத்த கையோடும் உப்புக் காயாத காலோடும் வந்திருக்கும் உழைப்பாளிப் பெருமக்களே! பிள்ளைகளை மடியிலும் பெருந்துயரை நெஞ்சிலும் சுமந்திருக்கும் தாய்மாரே! முன்வரிசையில் முகம் கவிழ்ந்திருக்கும் சகோதரி புனிதமலர் அவர்களே! ஓய்வுபெற்ற ஆசிரியன் யோகநாதனின் தலைதாழ்ந்த வணக்கம்.

தலைவர் என்னை அழைக்கும்போது, "மறைந்த கிற்றார்க் கலைஞர் ஸ்ரனிஸ்லஸின் மனங்கவர்ந்த நண்பர்" என்றார். மன்னிக்க வேண்டும் ஐயா. நான் அவருக்கு நண்பனல்லன். நான் யார் என்று சொல்லத்தான் மேடை ஏறினேன்.

இந்தக் கரையின் கடற்றொழிலாளி சூசைப்பிள்ளையின் மகன் ஸ்ரனிஸ்லஸ். கோயில் பாடகர் குழுவின் பழைய கிற்றாரில் விரல் பழகியவர். இருபது வயதில் கொழும்புக்குப் போனார். எதற்கு? வாசிக்கவா? இல்லை, ஒரு ஹொட்டேல் குசினியில் கோப்பை கழுவ! ஒருநாள் அங்கே வாத்தியக் குழுவின் கிற்றார்காரர் வரவில்லை. ஈரக் கையைத் துடைத்துவிட்டு, "நான் வாசிக்கட்டோ?" என்று கேட்டார் ஸ்ரனிஸ்லஸ். அன்று ஏறிய மேடையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தார். உள்ளூரார் உருகினர், வெளிநாட்டார் வியந்தனர், கூட வாசித்தவர்களே கைநிறுத்திக் கேட்டனர். அவர் வாசித்தது ஜாஸ் இசை.

ஜாஸ் என்றால் என்ன என்று பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அவர் ஊர் திரும்பிய பின் ஒருநாள், கரையிலிருந்த அவருடைய மீன்வாடிக் கொட்டிலுக்குப் போய் அவரிடமே நான் அதைக் கேட்டேன்.

"தெரிஞ்ச பாட்டொண்டைப் பிடிச்சுக்கொண்டு வெளிக்கிடுறது, மாஸ்டர். பாதையில்லாத இடமெல்லாம் சுத்துறது. எங்கை போனாலும் கடைசியிலை அந்தப் பாட்டிட்டைத் திரும்பி வந்திடவேணும். வராட்டி அது ஜாஸ் இல்லை, துலைஞ்சு போறது" என்றார்.

வெளிநாட்டில் வாசிக்க அழைப்பு வந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போக ஊருக்கு வந்தார். வந்த கிழமையே போர் மூண்டு பாதை பூட்டுப்பட்டது. பிறகு நடந்ததை இந்த மண்டபத்தில் யாருக்கு நான் சொல்ல வேண்டும்? ஓடினோம்! ஒளிந்தோம்! உறவுகளைப் புதைக்கவும் நேரமின்றி ஓடினோம்! ஒரு கையில் கிற்றாரும் மறு கையில் தாயுமாக அவரும் ஓடினார். பக்கத்தில் விழுந்த செல் வெடித்ததில் அவருடைய வலக்காது செவிடானது. தாயால் நடக்க முடியவில்லை. தூக்குவதற்கு இரண்டு கைகளும் வேண்டும். கிற்றாரை மணலில் வைத்தார். தாயைத் தூக்கினார். மூன்றாம் நாள், முகாமில், தாயும் போய்விட்டார்.

மீள்குடியேறி, புனிதமலரைக் கைப்பிடித்து, கடலுக்குப் போனார். வவுனியாவில் ஒரு கிற்றார் வாங்கினார். பின்னேரங்களில் வாடியில் வாசித்தார். கேட்டவர்கள் யார்? காகங்களும் புனிதமலரும்!

இனித்தான் என் கதை.

ஏழு ஆண்டுகளுக்குமுன் இதே மண்டபத்தில் கலைவிழா. நான் செயலாளர். அவருக்குப் பத்து நிமிடம் கொடுத்தேன். தகப்பன் வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டை எடுத்தார். முதலில் நேராக வாசித்தார். பிறகு அதை அழைத்துக்கொண்டு எங்கோ போனார். அழுகை போலவும் அலை போலவும் இருந்தது. எனக்குப் புரியவில்லை. யாரோ விசில் அடித்தார்கள். "சினிமாப் பாட்டு வாசி, அண்ணை!" என்றது ஒரு குரல். பிரதம விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்காம் நிமிடத்தில் நான் எழுந்தேன். ஒலிவாங்கியைப் பிடித்தேன். "அருமை, அருமை! அடுத்த நிகழ்ச்சி..." என்றேன்.

ஸ்ரனிஸ்லஸ் என்னைப் பார்த்தார். "மாஸ்டர், பாட்டு இன்னும் திரும்பி வரேல்லை" என்றார்.

நான் சிரித்தபடி அவருக்குப் பொன்னாடை போர்த்தினேன். அவர் இறங்கிப் போனார். பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை. ஓம் அம்மா, தலையாட்டுகிறீர்கள். நீங்களும் இருந்தீர்கள்.

போன மாதம் அவரைப் பாரிசவாதம் விழுத்தியது. வைத்தியசாலைக்குப் போனேன். கிற்றாரின் நரம்புகளை அழுத்திய அந்த இடக்கை கட்டிலில் கட்டைபோல் கிடந்தது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"மாஸ்டர், கனநாளாக் கேக்கவேணும் எண்டிருந்தனான். அண்டைக்கு நீங்கள் நிப்பாட்டேக்கை, சனத்துக்கை ஆராவது 'அந்தாள் வாசிக்கட்டும்' எண்டு சொன்னவையோ? எனக்கு ஒரு காது கேக்காதெல்லோ."

ஏழு ஆண்டுகள்! அப்படி ஒரு குரல் எழுந்திருக்கும், தன் காதில்தான் விழவில்லை என்று ஏழு ஆண்டுகள் நம்பியிருக்கிறார் அந்த மனிதர்!

"ஓம்" என்று சொல்லியிருக்கலாம். மேடை மேடையாக மெருகேற்றிப் பொய் சொன்ன இந்த வாய்க்கு அன்று அந்த ஒரு பொய் வரவில்லை.

"இல்லை, ஸ்ரனிஸ்லஸ். ஒருதரும் சொல்லேல்லை" என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். நாலாம் நாள் போய்விட்டார்.

முந்நூறு பேர் இருந்தோமே! படித்தவர் இருந்தோம், பாடுபடுபவர் இருந்தோம், பறிகொடுத்தவர் இருந்தோம்! ஒரு குரல், ஒரே ஒரு குரல், நம்மிடம் இருக்கவில்லையா? இந்த மண்டபத்துக்கு அவர் பெயர் வைப்பதாகத் தலைவர் சொன்னார். வையுங்கள் ஐயா. ஆனால் அவர் வாசித்ததில் ஒரு நிமிடம்கூட எங்கும் பதிவாகவில்லை. கொழும்பிலும் இல்லை, இங்கும் இல்லை. பெயரை வாசலில் எழுதிவிட்டு உள்ளே எதைக் கேட்கப் போகிறோம்?

ஆறுதல் சொல்லி முடிப்பது மேடை மரபு. என்னிடம் ஆறுதல் இல்லை. சகோதரி புனிதமலர், நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் போய்விட்டார். அதை உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. உண்மையை மட்டும் ஊரறியச் சொல்லிவிட்டேன்.

பொறுமையோடு கேட்டிருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. தயவுசெய்து கைதட்ட வேண்டாம். வணக்கம்.