மாமியார் தராத ஓடிபி

ஊதுபத்திப் புகை எங்கே மணந்தாலும் மைசூர் பேருந்து நிலையத்தின் அந்தக் காலை எனக்குள் எழுந்து நடக்கத் தொடங்கிவிடும். நஞ்சன்கூடு பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால், சட்டையெல்லாம் ஊதுபத்தி மணக்க, இரண்டு ஊதுபத்தி ஆலைத் தொழிலாளர்கள். மீசை வைத்தவன் சொன்னான்:

"குரு, என் மாமியார் ஓடிபி தரமாட்டேங்கறாங்க."

"எதுக்கு ஓடிபி? வருமான வரிதான் தாக்கல் பண்ணிட்டேன்னியே?" என்றான் மற்றவன்.

"பண்ணினேன், வெரிஃபை பண்ணல. ஆதார்ல இருக்கற நம்பரோட சிம் கொள்ளேகால்ல அவங்க போன்ல இருக்கு."

"வெரிஃபை பண்ணலன்னா தாக்கலே பண்ணாத மாதிரிப்பா. அப்புறம் ரீஃபண்ட் எங்கேருந்து வரும்? கடைசி நாள் எப்போ?"

"இன்னிக்கு."

மீசைக்காரன் ஸ்பீக்கரில் அழைத்தான்.

"அத்தை, நான்தான் பேசறேன். மெசேஜ்ல வந்த நம்பரைச் சொல்லுங்க."

"குரலு மாப்ளை மாதிரியேதானுங்க இருக்குது. ஆனா 'நானே கேட்டாலும் சொல்லாதீங்க'ன்னு எங்க மாப்ளை கண்டிசனாச் சொல்லியிருக்காருங்க."

போனை வைத்துவிட்டார். கூட இருந்தவன் சிரித்துச் சிரித்து இருமினான். மீசைக்காரன் வரிசையை விட்டு, கிளம்பிக்கொண்டிருந்த கொள்ளேகால் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

"டேய், சூப்பர்வைசர் கேட்டா என்ன சொல்றது?"

"மாமியாருக்கு மூஞ்சியைக் காட்டப் போயிருக்கேன்னு சொல்லு குரு!"