உரித்துக் கொடுத்த திராட்சை

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே ஒரு நடுவயது அம்மா, மடியில் திராட்சைப் பையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் பெருமையாகச் சொன்னார்.

“இதெல்லாம் எங்க வூட்டு நாய் மணிக்கும்மா. காலைல மொத தபா குடுத்தேன், அவ்ளோ ஆசையா துன்னுச்சு. தோலு தொண்டையில மாட்டிக்கும்னு ஒவ்வொண்ணா உரிச்சுக் குடுத்தேன்.”

அந்தப் பெண்ணுக்கு முகமே வெளுத்துவிட்டது.

“அய்யோ அக்கா, திராட்சை நாய்க்கு விஷம்! கிட்னியே பூடும். எங்க டைகர் அதுலதான் செத்துச்சு.”

“இன்னாம்மா சொல்ற? பழம் நல்லதுதான?”

“ஆப்பிளு, தர்பூசணி குடு, கொட்டைய எடுத்துட்டு கொஞ்சமா. திராட்சை மட்டும் ஆவவே ஆவாது. மொதல்ல வூட்டுக்கு போன் போடு.”

அந்த அம்மா கணவரை அழைத்தார்.

“மணி இன்னா பண்றான்?”

ஸ்பீக்கரில் பதில் எல்லோருக்கும் கேட்டது. “ரெண்டு தபா வாந்தி எடுத்தான். இப்ப சுருண்டு படுத்துகினு கீறான்.”

“உடனே நாய் டாக்டராண்ட தூக்கிகினு போய்யா! நான் நேரா அங்க வரேன்.”

போனை வைத்தவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க டைகர் எத்தினி துன்னுச்சும்மா?”

அந்தப் பெண் முன்னால் எட்டி டிரைவரின் தோளைத் தட்டினாள்.

“அண்ணே, ஓரமா நிறுத்து,” என்றாள். “ரெண்டு பேரு எறங்குறோம். வேற ஆட்டோ புடிச்சு சீக்கிரமா போவணும்.”