ஸ்பெயின் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன்

ஊட்டியிலிருந்து மஞ்சூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் செல்போனில் ஓடிய ஸ்பெயின் பாஷைப் பாடத்தைப் பார்த்து, "எல் தொக்தோர் எஸ் எக்ஸெலெந்தே" என்றார்.

"அப்படின்னா என்னங்க?"

"டாக்டர் ரொம்ப நல்லவருன்னு அர்த்தம். ஸ்பெயின் பாஷை பாதி இங்கிலீஷ் மாதிரியேதான் இருக்குது புள்ள. லீவு, பேக்டரின்னு எஸ்டேட்டுல பழகுன இங்கிலீஷே நமக்குப் போதும்."

"டாக்டரை மெச்சறதுக்கா போன் பண்றோம்? ஹோட்டல் வேலைக்குப் போனவன் மூணு நாளா அங்க ஆஸ்பத்திரியில கெடக்கறான். அங்க கூடத் தங்கியிருக்கற கூட்டாளிப் பையனும் போனை எடுக்கறதில்ல. எம் பையன் கண்ணு முழிச்சானான்னு கேளுங்க."

"அது இந்தப் பாடத்துல இல்ல. இங்கிலீஷ் மாதிரி இருக்கறத மட்டுந்தான் சொல்லித் தர்றாங்க."

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். பையன் பெயரை இரண்டு முறை சொன்னார். பிறகு "தொக்தோர், தொக்தோர்" என்றார். அந்தப் பக்கம் ஒரு பெண் வேகமாகப் பேசிவிட்டு வைத்துவிட்டாள்.

"என்னங்க சொன்னாங்க?"

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலஞ்சு தடவை 'நோ'ன்னாங்க. அது ஒண்ணுதான் எனக்குப் புரிஞ்சுது."

"எதுக்குங்க நோ?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.