படுகளத்தில் கூடுதலாக ஒரு பாட்டு

பெண் வேடம் கட்டுகிறவனுக்கு முதலில் கெடுவது குரல் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனந்தி. குரல் கெடுவதில்லை. முழங்கால்தான் கெடுகிறது. அதனால் பாயில் உட்காரச் சொல்லாதே, இந்த நாற்காலியிலேயே இருந்துகொள்கிறேன். டீ நன்றாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரன் கடைசியாக ஏதாவது சொன்னானா என்று நீ ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். ஒரு வருஷமாக நீ படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது நியாயமில்லை என்றுதான் வந்தேன்.

சிவப்பிரகாஷும் நானும் மீசை முளைக்காத வயதில் சேர்ந்தே கூத்துக்கு வந்தோம். அவன் அண்ணன் வேஷம், நான் தங்கை வேஷம். மேடையில் என்னை ‘அம்மிணி’ என்று கூப்பிடுவான். அதே பெயர் வெளியிலும் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில், மாவு மில்லில், என் கல்யாணப் பந்தியில்கூட அம்மிணிதான். நான் கோபித்துக்கொண்டதில்லை.

அப்புறம் அவன் பாலக்காட்டு நாடகக் கம்பெனிக்குப் போனான். அங்கிருந்து சென்னை, டிவி சீரியல். கொடுமைக்கார மாமனாராக அவன் பல்லைக் கடித்தால் பொள்ளாச்சி வரைக்கும் பெண்கள் சாபம் விட்டார்கள். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் கடை வைத்திருக்கிற சுப்பாத்தாளை உனக்குத் தெரியும். ஒரு தடவை நாங்கள் இரண்டு பேரும் அங்கே போனபோது எனக்கு மட்டும் டீயை வைத்தாள். அவனைப் பார்த்து, “அந்த மருமவப் புள்ளைய ஊட்ட உட்டுத் தொரத்திப்போட்டு இங்க வந்து டீ கேக்கறீங்களாக்கு?” என்றாள். அவன் சட்டென்று அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டான். கடையே சிரித்தது. அவன் சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான் என்று சொல்லலாம்.

சீரியலில் அவனைச் சாகடித்து, போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு போன் வருவது குறைந்தது. ஊருக்கு வந்து உன்னோடு இருந்தான். நான் தேங்காய்க் களத்திலிருந்து இளநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவேன். மனிதனுக்கு மனிதன் சின்னதாக ஏதாவது செய்தாலே போதும், சாமி பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவன் நான். நீயே ஒரு தடவை சொன்னாய், கூடப் பிறந்தவர்கள்கூட இப்படி வந்து பார்ப்பதில்லை என்று.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். வருஷம் முழுவதும் தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கிறவன். கோயில் திருவிழா நோம்பியன்று ஒரு காலைப்பொழுது மட்டும் ஊர் எழுந்து நின்று எனக்கு வழிவிடும். விடிய விடியக் கூத்து நடந்து, வெயில் ஏறும்போது படுகளம். போரில் விழுந்த அண்ணனை வெள்ளைத்துணி போர்த்திக் கிடத்துவார்கள். தங்கை தீர்த்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி அழுது பாடி, வேப்பிலையால் தண்ணீர் தெளித்து எழுப்புவாள். அதுவரை விழுந்தவனை வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டால் அருள் கலைந்துபோகும், ஊருக்கு ஆகாது. எத்தனை பாட்டு, எப்போது தண்ணீர் என்பதெல்லாம் தங்கையின் விருப்பம். பாடி முடித்ததும் பெரிய வீட்டுப் பெண்கள்கூடப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று என் முன்னால் வந்து கையேந்தி நிற்பார்கள்.

போன வருஷம் டிவிக்காரர்கள் படம் பிடிக்க வந்தார்களே, அந்தக் காலையில் பள்ளிக்கூடத்து அறையில் அண்ணன் வேஷத்துக்கு அவனுக்கு நான்தான் கச்சை கட்டிவிட்டேன். நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது, யாரிடமும் சொல்லாதே, டிவிக்காரர்கள் போய்விடுவார்கள் என்றான். வேண்டாமென்றால் படுத்துக்கொள் என்று நான் சொன்னேன். சீரகத் தண்ணீர் கொடுத்தேன். முதுகைத் தடவிவிட்டேன். அப்போதுதான் அவன் அதைச் சொன்னான்.

“அம்மிணி, கோவிச்சுக்காத. அடுத்த நோம்பிக்கு டின்சியக் கூட்டிட்டு வாரன்.”

டின்சி யார் என்று உனக்குத் தெரியும். சீரியலில் அவன் வீட்டைவிட்டுத் துரத்திய மருமகளாக நடித்த பெண்.

“தங்கச்சி வேசத்துக்கு நெசப் பொம்பளையே இருந்தா நல்லாருக்கும்னு டிவிக்காரங்க சொல்றாங்க. உனக்கென்னடா, முன்னால சேர் போட்டு ஒக்காந்து பாரு. முழங்காலுக்கும் ரெஸ்ட்டு” என்றான்.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் முழங்காலை நினைத்தும்தான் சொன்னான். சரி என்றேன். கச்சையின் முடிச்சை இன்னொரு தடவை பார்த்து இறுக்கிவிட்டேன்.

படுகளத்தில் அவன் விழுந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் எப்போதும் ஒரு கையை ஊன்றி, அடிபடாமல்தான் விழுவான். அன்றைக்கு மரம் மாதிரி விழுந்தான். கழுத்து வரைக்கும் துணியைப் போர்த்தினார்கள். முதல் பாட்டைப் பாடி, வழக்கப்படி முகத்தின் மேல் குனிந்து அழுதேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

“அம்மிணி, நெசமாலுமே வலிக்குதுடா. எழுப்பி உடு.”

நீ கேட்டது இதுதான், ஆனந்தி. வேறொன்றும் சொல்லவில்லை.

வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. துணியை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டேன். எழுந்து நின்று இன்னொரு பாட்டை எடுத்தேன். எந்த வருஷமும் அதைப் பாடியதில்லை. மகன் செத்த காளியாத்தாள் தரையில் புரண்டு அழுதாள். உடுக்கைக்காரன் அடிக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். துணிக்குள் அவன் கை அசைந்தது. கூட்டம் அருள் என்று கும்பிட்டது.

நீ ஒருத்திதான் முன்னால் ஓடிவந்தாய். “ஏனுங்ணா, அவருக்கு என்னமோ ஆகுதுங்ணா” என்றாய். நான் பாட்டை நிறுத்தி, கையைக் காட்டி, “அருளு வந்திருக்குது தங்கச்சி, தொடக்கூடாது” என்றேன். நீ நின்றுவிட்டாய். உன்னைத் தப்புச் சொல்ல முடியாது. தங்கை சொன்னால் ஊரில் எல்லோரும் நிற்பார்கள். அன்றைக்கு ஏன் நின்றேன் என்று நீ இரவெல்லாம் அழுவதாகச் சொன்னார்கள். அப்படி அழாதே.

அது அருள் இல்லை என்று எனக்குத் தெரியும். டிவிக்காரர்களின் கார் களத்து ஓரத்திலேயே நின்றது. செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி ஆஸ்பத்திரி. குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். போடவில்லை. பாட்டைக் கடைசி அடி வரைக்கும் பாடினேன். கை அசைவது நின்ற பிறகுதான் வேப்பிலையை நனைத்தேன். முறை தவறாமல் தலையிலிருந்து கால் வரைக்கும் தெளித்தேன்.

அவனுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சீரியலில் ஒரு போட்டோவாகச் செத்தவன், சொந்த மண்ணில் ஊரே அழ ராஜாவாகப் போனான். எந்த நடிகனுக்கு அது கிடைக்கும்? இப்போதும் அதில் கொஞ்சம் உண்மை இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. டின்சியின் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை, அது வேறு விஷயம்.

நேற்று கோயில் கமிட்டியில் கூப்பிட்டார்கள். தங்கை வேஷத்துக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை என்றார்கள். போன வருஷம் பாடின அந்த இரண்டாவது பாட்டையும் பாடச் சொல்கிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு தீர்த்தக் குடத்தைத் தொட்டுப் பழக்கமில்லை எனக்கு. நீ போலீசில் சொல்வதானால் நோம்பி கழிந்து சொல், நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். அதற்கு முன்னால், ‘பரவாயில்லீங்ணா’ என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிடு, ஆனந்தி. சுத்தமான மனசோடு குடத்தைத் தூக்க வேண்டும், ஊர் நல்லா இருக்க வேண்டும்.