சூத்திரத்துக்கு மனைவியின் பெயர்

நாம் கண்டுபிடித்த கணக்குச் சூத்திரம் நமக்குச் சொந்தமாகாதா? சிங்கப்பூரின் டோபி காட் நிலையத்தில் ரயிலேறிய ஒரு கணவன் மனைவியின் பேச்சைக் கேட்டதிலிருந்து யோசிக்கிறேன். என் குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“வெறும் ஃபார்முலாவுக்கு பேட்டண்ட் கிடையாதாம், மீனா. அதை வெச்சு துறைமுகத்துல கண்டெய்னர் அடுக்குற சிஸ்டம் செஞ்சா பார்க்கலாம்னு லாயர் சொல்றாரு.”

“அதுக்கு என் பேர வைக்கறேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே!”

“பேர் வைக்க பேட்டண்ட் எதுக்கு? வெளியிட்டா வெச்சிரலாம்லா.”

“அப்புறம் என்ன?”

“யார் வேணும்னாலும் எடுத்துக்குவாங்க. எடுக்கிறவங்க உன் பேரையும் சொல்லணுமே. எனக்கு அதான் ஆசை.”

“சொல்லாட்டி?”

அதற்குள் ரயில் நின்றது. சிராங்கூனில் இருவரும் இறங்கிவிட்டார்கள்.

அவர் வெளியிடுவதா, பூட்டிவைப்பதா? வெளியிட்டால் மனைவியின் பெயர் விடுபடலாம், பூட்டிவைத்தால் யாருக்கும் பயன்படாது; எனக்கு இரண்டும் தவறாகவே படுகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எழுதுங்களேன்.