மதிலைத் தொட்டால் விரியும் புரதம்

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மார்த்தாண்டம் போகும் காலை பஸ். முன்சீட்டில் மடியில் ஃபைலோடு இருந்த பெண், பக்கத்திலிருந்த அண்ணன் மனைவியிடம் சொன்னாள்:

"சவ்வைத் தொடுத வரைக்கும் அது வாயே திறக்காது, மயினி."

"எது?"

"நான் ஆராய்ச்சி செய்யுத புரதம். செல்லுக்குள்ள சும்மா மடங்கி மெதந்துகிட்டு கெடக்கும். செல்லைச் சுத்தி சவ்வு உண்டுல்லா, அதுக்க உள்பக்கத்தில போய் ஒட்டினாத்தான் விரியும். விரிஞ்ச உடனே சேதியைக் கடத்த ஆரம்பிச்சிரும்."

"இதுக்கா அஞ்சு வருசம் படிச்ச? நம்ம வீட்டிலயே ஒண்ணு உண்டு."

"எனக்க அம்மையைச் சொல்லாதீங்க."

"நான் பேரு சொன்னனா? வீட்டுக்குள்ள இருந்தா கேட்டதுக்குக்கூட பதில் வராது. மதில்ல முழங்கையை வச்சா போதும், தெரு முழுக்க சேதி போயிரும்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னைக்கு இன்டர்வியூன்னு ஆரிட்டயும் சொல்லல்லியே, மயினி? கிடைக்கல்லன்னா நாணக்கேடு."

"நான் மூச்சு விடல்ல. நீ ஆரிட்ட சொன்ன?"

"நேத்து அம்மையிட்ட மட்டும். சத்தியம் வாங்கிட்டுத்தான் சொன்னேன்."

கண்டக்டர் வந்தார். மயினிக்காரி ரெண்டு மார்த்தாண்டம் கேட்டாள். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"ஜெர்மனிக்குப் போகத்தானே இன்டர்வியூ? நல்லா செய் மக்கா, பயப்படாண்டாம்."

அவர் பின்சீட்டுக்குப் போனார். அப்புறம் மயினிக்காரி ஃபைலை மெதுவாகத் தட்டினாள்.

"விடியதுக்கு முன்னயே மதில்ல ஒட்டியாச்சு, கேட்டியா."