பொருந்தாத வளையம்

அந்த முக்காலி கொஞ்சம் ஆடும் ஐயா. ஒரு கால் குட்டை. சுவரோரம் இழுத்துப் போட்டு முதுகைச் சாய்த்துக்கொண்டால் தெரியாது. என் மகன் தெர்வின் பன்னிரண்டு வயதில் செய்தது. கேடயம் பழகிய கை. தச்சு வேலை அவனுக்கு வரவே இல்லை. அடுப்பில் போடுங்கள் என்று எத்தனையோ பேர் சொல்லியும் எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். வரிசையாகச் சொல்ல மட்டும் விடுங்கள். முப்பத்து மூன்று வருடமாக இந்த வளைய வீட்டைக் காக்கிறேன். எதையும் முறைப்படி செய்தே பழகிவிட்டது.

எங்கள் ஓர்வே தீவில் ஒருவன் பேரரசரின் காவலுக்குப் புறப்படும்போது கொல்லர் இரண்டு வெண்கல வளையங்கள் செய்வார். இரண்டையும் ஒட்டிப் பிடித்து, ஒரே அரத்தால் குறுக்கே ஒன்பது கோடு இழுப்பார். ஒன்று போகிறவன் கையில், மற்றது இந்தச் சுவரில் ஓர் ஆணியில். அவன் இறந்தால் கூட இருப்பவர்கள் அவன் வளையத்தை அறுத்துப் பாதியை அனுப்புவார்கள். நான் கோட்டோடு கோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, ஆணியில் இருப்பதைச் சுத்தியால் உடைத்து, துண்டுகளை அவன் மனைவியிடமோ தாயிடமோ கொடுப்பேன். எந்த ஆணி யாருடையது என்பது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. எழுதிவைக்கும் வழக்கம் இல்லை.

உயிரோடு திரும்புகிறவனுக்கும் முறை உண்டு. செத்தவனின் உருவத்தில் கடல் சிலசமயம் எதையாவது கரைக்கு அனுப்பும். அது வீட்டுக்குள் நுழைந்தால் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே யார் வந்தாலும் முதலில் இங்கே வரவேண்டும். ஊர் பார்க்க வளையங்களைச் சேர்த்துப் பார்ப்பேன். பொருந்தினால் அவன் வீட்டுக்குப் போகலாம். பொருந்தாவிட்டால் அதனிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. துடுப்பில்லாத படகில் ஏற்றி, நீர் வடியும் நேரத்தில் தள்ளிவிட வேண்டும். என் காலத்தில் ஒரே ஒரு முறைதான் பொருந்தாமல் போனது. அதை விசாரிக்கத்தான் நீங்கள் மறுகரையிலிருந்து வந்திருக்கிறீர்கள்.

கடிதத்திலிருந்து தொடங்குவதுதான் நியாயம். ஆறு வருடத்துக்கு முன்பு உப்பு ஏற்றி வந்த படகுக்காரன் ஒருவன் கொண்டுவந்தான். முன்பெல்லாம் பேரரசரின் கப்பலே கொம்பு ஊதிக்கொண்டு வரும். அது நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. தலைநகரத்து எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் தீவில் நான் ஒருவன்தான். கடிதத்தில் ஐந்தே வரி. பேரரசர் அரியணையை விட்டு இறங்கிவிட்டார். தலைநகரை வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். ஓர்வே மக்கள் தங்கள் சத்தியத்திலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள். இனி யாரையும் அனுப்ப வேண்டாம். உங்கள் சேவைக்கு நன்றி.

அந்த நன்றிதான் என்னை உறுத்தியது. வெறும் ஆணிகளைப் பார்த்தீர்களா? அப்போதே இருநூற்று நாலு. மேல் வரிசையில் என் அப்பா. அதற்குக் கீழே என் தம்பிகள் இரண்டு பேர். இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு வரி. எஜமான் காவல்காரனுக்கு நன்றி சொன்னால் வீட்டை விற்றுவிட்டான் என்று பொருள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ போலியாக எழுதியிருக்கிறார்கள், அல்லது பேரரசர் எங்களைச் சோதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மடித்து பார்லிப் பானையின் அடியில் வைத்தேன். கொஞ்சம் பொறுத்து ஊரில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

அதற்குள் வசந்தம் வந்துவிட்டது. பத்துப் பேர் புறப்பட வேண்டிய வருடம். தெர்வினுக்குப் பத்தொன்பது வயது. அவனும் அவன் சிநேகிதன் கெஸ்தனும் நான் நீ என்று முதலில் வந்து கையை நீட்டினார்கள். கெஸ்தனுக்குக் கல்யாணம் ஆகி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"அப்பா, சுத்திய எங்கயாச்சும் தூக்கிப் போட்டுருங்க. என் ஆணிக்கு அது தேவைப்படாது" என்றான் தெர்வின்.

நான் சிரித்தேன். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்துப் பேரும் நின்றிருப்பார்கள். ஆனால் ஊரே கூடி நிற்கிறது, மற்ற ஒன்பது பேரின் தாய்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். என் பிள்ளையின் முறை வந்ததும் வளையக்காரனுக்குக் கடிதம் வந்துவிட்டதாம் என்று பேச மாட்டார்களா? அவன் கையில் வளையத்தை நான்தான் மாட்டினேன். பெற்ற மகனையே அனுப்பிவிட்டேன் ஐயா. அதற்குப் பிறகு அந்தக் கடிதம் பொய்யாகத்தானே இருக்க முடியும்?

ஐந்து வருடம் எந்தச் செய்தியும் இல்லை. பாதி வளையம் எதுவும் வரவில்லை. தாய்மார் மீன் காயவைத்துவிட்டுப் போகும் வழியில் வாசலில் நின்று கேட்பார்கள்.

"ஆடுதாண்ணே?"

"ஆடுது, போ."

கடல் காற்றில் வளையங்கள் ஆணியில் ஆடிக்கொண்டுதான் இருந்தன. அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். சாம்பல் போட்டு வாரம் ஒரு தடவை துலக்கி வைப்பேன். அந்த ஐந்து வருடமும் இந்தத் தீவில் யாரும் துக்கத்தோடு படுக்கவில்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு நண்பகலில் கெஸ்தன் வந்தான். சின்னத் தோணி, தனி ஆள். கீழே கட்டிவிட்டு நேராக மேலே ஏறி வந்தான், முறை தெரிந்த பையன். இடது கன்னம் ரொட்டி போல வீங்கியிருந்தது.

"மாமா, கஞ்சிய ஆத்திக் குடுங்க. பல்லு உசுர வாங்குது. பேரரசர் காவலுக்குப் போயி நான் சம்பாரிச்சது இந்த ஒரு சொத்தப் பல்லுதான்."

கஞ்சி கொடுத்தேன். புகையில் போட்ட மீனை முள் எடுத்துக் கொடுத்தேன். வலப்பக்கமாகவே மென்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"அங்க ஒண்ணுமே இல்ல மாமா. அரமனைக்குள்ள ஆடு மேயுது. வாசக்கதவு மட்டும் நின்னுச்சு. சத்தியம் பண்ணிட்டுப் போனமே, என்ன பண்றது? கதவுக்குக் காவல் நின்னோம். ரெண்டு குளிர்காலம். கஞ்சி ஊத்தவும் ஆள் இல்ல, போங்கடான்னு சொல்லவும் ஆள் இல்ல. அப்புறம் ஊருக்காரங்க கதவப் பேத்து எடுக்க வந்தாங்க. நாங்க விடல."

"எதற்குக் கதவு?" என்று கேட்டேன்.

"வெறகுக்கு மாமா. எட்டுப் பேரு போய்ட்டாங்க. வெறகுக்கு."

நான் கேட்காமலே அவன் அடுத்ததைச் சொன்னான். "தெர்வின் இருக்கான். ஒரு காலு போச்சு, வாய் மட்டும் போகல. அவனத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா வந்து சேர மூணு வருசம் ஆயிருச்சு. மறுகரைத் துறையில படுத்திருக்கான். இந்தத் தோணியில ரெண்டு பேருக்கு எடம் பத்தாது. பெரிய படகா எடுத்துட்டு வாடான்னான். 'முக்காலிக்குக் காலு குட்டையா வெச்சவனுக்கு இப்ப காலே இல்லன்னு அப்பாகிட்ட சொல்லு, சிரிப்பாரு'ன்னான்."

சிரித்தேன் என்றுதான் நினைவு. என் நெஞ்சு அடித்துக்கொண்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று கேட்ட சந்தோஷம் அது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பும் அனுபவித்ததில்லை, பின்பும் இல்லை. அவன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்கும் வரை அது இருந்தது.

"திரும்பி வர்ற வழியில பழைய அதிகாரி ஒருத்தன் கேட்டான் மாமா. 'ஒங்கள விடுவிச்சுக் கடுதாசி போட்டாச்சே, நீங்க ஏன்டா வந்தீங்க?'ன்னான். கடுதாசி ஏதும் வந்துச்சா?"

"எந்தக் கடிதம்?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டான். "சரி விடுங்க. கொண்டாந்தவன் எவனாச்சும் தொலைச்சிருப்பான். ஊரக் கூட்டிச் சொல்லிருவோம். இனிமே ஒருத்தனும் போக வேண்டாம்."

"முதலில் வளையம் பார்க்க வேண்டும்" என்றேன்.

"பாருங்க, பாருங்க. கடல் அனுப்புன உருவம் கஞ்சி குடிக்குமான்னு ஒங்களுக்கே தெரியும்."

வளையத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவக் கீழே போனான். நான் சுவருக்கு முன்னால் நின்றேன். ஆணியில் பத்து வளையங்கள் ஆடிக்கொண்டிருந்தன. எட்டுத் தாய்மாரை நினைத்தேன். ஒருத்தியிடம் போய், உன் பிள்ளை ஒரு விறகுக் கதவுக்காகச் செத்தான் என்று சொல்ல உங்களால் முடியுமா? இருநூற்று நாலு ஆணிக்கும் அப்புறம் என்ன அர்த்தம்? கெஸ்தனுடைய ஆணியும் தெர்வினுடைய ஆணியும் பக்கத்துப் பக்கத்தில். என் கை முதலில் சரியான ஆணிக்குத்தான் போனது. எடுத்தது தெர்வினுடையதை.

ஊர் கூடியது. கெஸ்தனின் மனைவி மிரேலா மாவுக் கையோடு ஓடி வந்து முன்னால் நின்றாள். நான் இரண்டு வளையங்களையும் உயர்த்திச் சேர்த்துக் காட்டினேன். கோடுகள் சேரவில்லை.

"பொருந்தவில்லை" என்றேன்.

கெஸ்தன் சிரித்தான். "மாமா, கண்ணு மங்கிருச்சா? திருப்பி வெச்சுப் பாருங்க."

திருப்பி வைத்தேன். மறுபடியும் அதையே சொன்னேன். ஒவ்வொருவராக முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். மிரேலா மட்டும் திரும்பவில்லை.

"இது அவருதான். கடல் அனுப்புனதுக்குப் பல்லு வலிக்குமா? கன்னத்தப் பாருங்க. ஒருத்தராச்சும் திரும்பிப் பாருங்க."

அவனோடு விளையாடி வளர்ந்த நாலு பேர் பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு அவனைப் பிடித்தார்கள். அவன் நினைத்திருந்தால் நாலு பேரையும் உதறியிருக்கலாம். ஊர்க்காரர்கள் மேல் கை வைக்க மாட்டான், அப்படிப்பட்ட பையன். நான் வளையத்தைத் திருப்பிக் கொடுத்தபோது தாழ்ந்த குரலில் கேட்டான்.

"கடுதாசி வந்துச்சு, இல்ல மாமா?"

பொருந்தாததோடு பேசக் கூடாது என்பது முறை. நான் பேசவில்லை.

படகு நகர்ந்தபின் அவன் வளையத்தைக் கழற்றி மிரேலாவை நோக்கி எறிந்தான். அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்தாள். "தெர்வின் காத்திருக்கான், யாராச்சும் போங்க" என்று கத்தினான். இரண்டு மூன்று தடவை கத்தினான். எல்லோர் காதிலும் விழுந்தது. பதினொரு நாள் கழித்து உங்கள் கரையில் படகு ஒதுங்கியபோது அவன் உள்ளேயே இருந்தான் என்று சொன்னீர்கள். பாவம், எழுந்து குதித்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

அன்றே ஆணியில் இருந்த அவன் வளையத்தை உடைத்துத் துண்டுகளை மிரேலாவிடம் கொடுத்தேன். ஆமாம், அவனுடையதையேதான் கொடுத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன் என்கிறீர்கள். வேறு எதையாவது உடைத்துக் கொடுத்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். ஒரு விதவைக்கு உரியதை மாற்றிக் கொடுக்கிற ஆள் நான் இல்லை ஐயா. அவள் வீட்டில் உட்கார்ந்து, அவன் எறிந்த வளையத்தோடு அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். ஒன்பது கோடும் சேர்ந்திருக்கிறது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் துடுப்பு எடுத்துக்கொண்டு மறுகரைக்கு வந்துவிட்டாள். கெட்டிக்காரி.

எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்தை மறைத்தவன் நான். சத்தியம் முடிந்துபோனது தெரிந்தும் பத்துப் பேரை அனுப்பியவன் நான். பொருந்தும் என்று தெரிந்தே வேறு வளையத்தைத் தூக்கிக் காட்டியவனும் நான்தான். இதில் எனக்கென்று எதுவும் இல்லை. அந்த எட்டுத் தாய்மாருக்காகத்தான் செய்தேன். காலையில் நீங்கள் அவர்களிடம் உண்மையைச் சொன்னபோது ஒருத்தி இங்கே வந்து நின்றாள். "அஞ்சு வருசமா ஆடுதான்னு கேட்டேன். ஆடுதுன்னு சொன்னியே" என்றாள். ஆடத்தான் செய்தது. நான் அவளிடம் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை.

தெர்வினுடைய வளையமா? அதையும் அன்றே உடைத்துவிட்டேன். கரைக்கு வந்தது கெஸ்தன் இல்லை என்று ஆகிவிட்டால், அது கொண்டுவந்த செய்தி மட்டும் எப்படி நிஜமாகும்? துண்டுகளை வாங்கிக்கொள்ள அவனுக்குத் தாய் இல்லை. அந்தப் பார்லிப் பானையில்தான் போட்டிருக்கிறேன், கடிதத்தோடு.

கீழே உங்கள் படகில் ஒற்றைக் காலோடு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், மேலே கூட்டிவரட்டுமா என்று கேட்கிறீர்கள். மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். என் மகன் இறந்துவிட்டான் ஐயா, என் கையாலேயே உடைத்தேன். அது என்னவென்று எனக்குத் தெரியும். துடுப்பை எடுத்துவிட்டு, நீர் வடியும்போது தள்ளிவிடச் சொல்லுங்கள். கதவுக்குப் பின்னால் கம்பளி ஒன்று தொங்குகிறது பாருங்கள், அதை மட்டும் அவனுக்குப் போர்த்திவிடுங்கள். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் குளிர் ஆகாது.